நன்னீர் மீன்களின் நாடாப்புழுக்கள்: எத்தனை வகை, எப்படி இனம் காண்பது?

கேள்வி இதுதான்: மீனை அறுத்தபோது குடலுக்குள் வெள்ளை நாடா போலச் சில புழுக்கள், குடலுக்கு வெளியே வயிற்றறையில் தடித்த பெரிய புழு ஒன்று. இரண்டும் ஒரே வகையா? நன்னீர் மீன்களில் மொத்தம் எத்தனை வகை நாடாப்புழுக்கள் உண்டு?

இரண்டும் ஒன்றாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. குடலுக்குள் இருப்பது பெரும்பாலும் முதிர்ந்த புழு. அதற்கு அந்த மீனே கடைசி வீடு. வயிற்றறையில் கிடப்பது பெரும்பாலும் லார்வா. அது ஒரு பறவையோ பெரிய மீனோ பாலூட்டியோ வந்து இந்த மீனை விழுங்கக் காத்திருக்கிறது. நாடாப்புழுவை இனம் காண முதலில் கேட்க வேண்டியது "எந்த உறுப்பில் இருந்தது?" என்பதுதான். நீளமும் நிறமும் அதற்குப் பிறகு.

எண்ணிக்கையைப் பார்ப்போம். 2008 முதல் 2017 வரை உலகளவில் நாடாப்புழுக்களைக் கணக்கெடுத்த பன்னாட்டுத் திட்டம் ஒன்று நடந்தது. அதன் முடிவில் சுமார் 4,800 சிற்றினங்கள், 19 வரிசைகள் (குடும்பத்துக்கு மேலான வகைப்பாட்டுப் பிரிவுகள்) என்று தொகுத்தார்கள். இவற்றில் பெரும்பங்கு பறவைகள், பாலூட்டிகள், கடல் சுறாக்கள், திருக்கைகளுக்குச் சொந்தம். உலகின் மீன் சிற்றினங்களில் கிட்டத்தட்டப் பாதி நன்னீரில் வாழ்ந்தாலும், நன்னீர் எலும்பு மீன்களில் முதிர்ந்த நிலையில் வாழ்பவை ஏழே வரிசைகளைச் சேர்ந்தவை. இன்னும் இரண்டு வரிசைகள் மீனை இடைவழியாக மட்டும் பயன்படுத்துகின்றன. ஆகவே சிற்றினப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இந்த ஒன்பது வரிசைகளின் அமைப்பும், ஒவ்வொன்றும் எந்த இரை வழியாக மீனுக்குள் வருகிறது என்பதும் தெரிந்தால், கையில் உள்ள புழுவைப் பேரினம் வரையாவது கொண்டுபோய்விடலாம்.

இரை என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நாடாப்புழு மீனின் தோல் வழியாகத் துளைத்து நுழைவதில்லை. தின்னும் உணவோடுதான் உள்ளே போகிறது. மிதவை உயிரிகளைத் தின்னும் மீனில் ஒரு கூட்டம், சேற்றைக் கிளறித் தின்னும் மீனில் இன்னொன்று, பிற மீன்களை விழுங்கும் மீனில் மூன்றாவது. ஒரே குளத்தில் பக்கத்தில் பக்கத்தில் நீந்தும் இரண்டு மீன்களின் குடலில் ஒரு பொதுப் புழுகூட இல்லாமல் போவது இதனால்தான்.

சேற்றிலிருந்து தொடங்குவோம். காரியோஃபில்லிடியா என்ற வரிசையில் சுமார் 120 சிற்றினங்கள் ஏற்கப்பட்டுள்ளன. இவை கெண்டை வகைகளிலும் கெளுத்தி வகைகளிலும் மட்டுமே, விதிவிலக்கு அநேகமாக இல்லாமல், வாழ்கின்றன. பார்த்தவுடன் பலர் இவற்றை நாடாப்புழு என்று நம்ப மாட்டார்கள். உடலில் துண்டங்களே கிடையாது. ஒரே ஒரு தொகுதி ஆண், பெண் உறுப்புகள் கொண்ட சிறிய தட்டைப் புழு. பொதுவாகச் சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர் வரை. தலையில் கொக்கியும் இருக்காது, வட்டமான நான்கு உறிஞ்சிகளும் இருக்காது. மாறாக விசிறி போல மடிந்தோ, ஆழமில்லாத குழிகளோடோ, மழுங்கலாகவோ இருக்கும். காரியோஃபில்லியஸ் லாட்டிசெப்ஸில் தலை மடிப்பு மடிப்பாக விரிந்திருக்கும். உயிரோடு இருக்கும்போது அது ஓயாமல் உருமாறுவதைக் கைலென்ஸிலேயே காணலாம்.

இவற்றின் முட்டை சேற்றில் விழுகிறது. அதை டியூபிஃபெக்ஸ், லிம்னோட்ரிலஸ் போன்ற சேற்றுப் புழுக்கள் தின்கின்றன; அந்தப் புழுவை மீன் தின்கிறது. இரண்டே ஓம்புயிரிகளில், அதாவது புழு குடியிருக்கும் உயிர்களில், சுழற்சி முடிகிறது. ஆர்க்கிகெட்டிஸ் என்ற பேரினத்தில் இன்னும் சுருக்கம்: சேற்றுப் புழுவுக்குள்ளேயே முதிர்ந்து முட்டையும் வைத்துவிடும், மீனே தேவைப்படாமல் போகலாம். தீவனமாக உயிருள்ள டியூபிஃபெக்ஸ் போடுகிறவர்கள் இந்தச் சுழற்சியைக் கவனத்தில் கொள்ள வேண்டும். கெண்டை, கெளுத்தி வகை வளர்ப்பு மீன்களுக்கு இந்த வரிசைப் புழுக்கள் வந்து சேரும் நேர்வழி அதுதான்.

இந்த வரிசையின் பரவல் ஒரு நல்ல புதிர். தென் அமெரிக்காவில் கெளுத்தி இனங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அங்குள்ள சொந்த மீன்களில் காரியோஃபில்லிடியா இல்லை. ஆப்பிரிக்காவின் சினோடான்டிஸ் கெளுத்திகளில் வென்யோனியா என்ற பேரினம், வட அமெரிக்காவின் சக்கர் மீன்களில் கிளாரிடாக்ரிஸ், ஆசியாவின் கிளாரியஸ் கெளுத்திகளில் லைட்டோசெஸ்டஸ், ஜோம்பாங்கியா என்று கண்டத்துக்குக் கண்டம் ஆள் மாறுகிறது. ஜோம்பாங்கியா பெனிட்ரன்ஸைக் கிளாரியஸின் உணவுப்பாதையில் ஒருமுறை பார்த்தால் மறக்காது. அதன் குமிழ் போன்ற தலை சுவருக்குள் துளைத்துப் புதைந்திருக்கும், உடல் மட்டும் உணவுப்பாதையின் உள்ளே தொங்கும். சுவரின் வெளிப்பக்கம் ஒரு முடிச்சாகத் தெரியும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் தலை உள்ளேயே அறுந்து நிற்கும். தலையில்லாத புழுவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. முடிச்சைச் சுற்றியுள்ள சதையோடு வெட்டி எடுத்து, உப்புக் கரைசலில் ஊசிகளால் மெதுவாகப் பிரிக்க வேண்டும்.

கெண்டை வளர்ப்போடு உலகம் சுற்றிய புழுக்களும் இதே வரிசையில் உண்டு. காவியா சைனென்சிஸ் கிழக்கு ஆசியாவிலிருந்து சாதாக் கெண்டையோடு ஐரோப்பாவுக்குப் போனது. அட்ராக்டோலைட்டோசெஸ்டஸ் ஹ்யூரோனென்சிஸ் வட அமெரிக்காவில் 1958-இல் விவரிக்கப்பட்டு, 1990-களில் ஐரோப்பாவில் தென்பட்டது. இதன் குரோமோசோம்கள் மும்மடியாக உள்ளன, பயனுள்ள விந்தணு உருவாவதில்லை, கருவுறாமலேயே முட்டை வளர்கிறது. அதாவது ஒரே ஒரு புழு ஒரு புதிய நீர்நிலைக்குப் போய்ச் சேர்ந்தாலும் அங்கே ஒரு கூட்டத்தை உருவாக்கப் போதும்.

சேற்றை விட்டு மேலே வந்தால் கோப்பிபாடுகள். சைக்ளோப்ஸ் போன்ற இந்த நுண் ஓட்டுடலிகள் வழியாக வருகிற முக்கிய வரிசைகள் இரண்டு: போத்ரியோசெஃபாலிடியா, ஓன்கோபுரோட்டியோசெஃபாலிடியா. தலையைப் பார்த்தால் இரண்டையும் குழப்பவே முடியாது. முதலாவதில் தலையின் இரு பக்கமும் நீளவாக்கில் ஒவ்வொரு பள்ளம். இரண்டாவதில் வட்டமான நான்கு உறிஞ்சிகள். சிலவற்றில் உச்சியில் ஐந்தாவதாக ஓர் உறுப்பு, அல்லது கொக்கி வளையம்.

பள்ளத் தலைக் கூட்டத்தில் எல்லோரும் அறிய வேண்டியது ஆசிய மீன் நாடாப்புழு. 1934-இல் ஜப்பானில் யமகுட்டி விவரித்தபோது போத்ரியோசெஃபாலஸ் அகைலோக்னாத்தி என்று பெயர். 2015-க்குப் பிறகு மரபணு ஆய்வின் அடிப்படையில் ஷைசோகோட்டைல் அகைலோக்னாத்தி. பழைய நோய் கையேடுகளில் பழைய பெயரே இருக்கும், இரண்டும் ஒன்றுதான். நீர்த்தாவரங்களைக் கட்டுப்படுத்தப் புல்கெண்டையை நாடு நாடாகக் கொண்டுபோனபோது இதுவும் கூடவே போனது. இன்று 300-க்கும் மேற்பட்ட மீன் சிற்றினங்களில் பதிவாகியிருக்கிறது. நாடாப்புழுக்களில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு மீன்களைத் தாண்டாதவை. அந்த உலகில் இது அசாதாரணம்.

இதன் தலை மேலிருந்து பார்த்தால் இதய வடிவம், பள்ளங்கள் ஆழமான கீறல் போல. உடல் துண்டங்களாகப் பிரிந்திருக்கும், ஆனால் எல்லைகள் ஒழுங்காக இருக்காது. முட்டை கரு வளராத நிலையில், ஒரு மூடியோடு நீரில் விழும். நீர் 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் சில நாட்களிலேயே பொரிந்து, நுண்மயிர்களால் நீந்தும் லார்வா வெளிவரும். 15 டிகிரியில் அதற்கு வாரக்கணக்கு ஆகும். கோப்பிபாட் அதை விழுங்க, மீன் கோப்பிபாடை விழுங்க, சூடான நீரில் மூன்று, நான்கு வாரங்களில் புழு முட்டையிடும் நிலைக்கு வந்துவிடும். பெரிய கெண்டையில் பத்துப் புழு இருந்தாலும் மீன் சாதாரணமாகத் திரியும். குஞ்சில் கதை வேறு: குடலின் முன்பகுதி அடைபட்டு, சுவர் மெலிந்து, வயிறு உப்பி, சில சமயம் குடல் கிழிந்தே சாகும். குஞ்சுப் பருவம் முழுக்கக் கோப்பிபாடே முக்கிய இரை என்பதால் அடி விழுவதும் அங்கேதான்.

இதே வரிசையில் சால்மன், ட்ரவுட்டுகளில் வாழும் யூபோத்ரியம், பைக் மீனில் முதிரும் ட்ரையீனோஃபோரஸ், விரால், ஆரல் குடும்பங்களில் வாழும் செங்கா ஆகியவை வருகின்றன. ட்ரையீனோஃபோரஸின் தலையில் திரிசூலம் போன்ற கொக்கிகள் நான்கு. அதன் வடிவமே சிற்றினத்தைச் சொல்லிவிடும். அதன் இரண்டு சிற்றினங்களைப் பிரித்து அறிவதில் பணமும் இருக்கிறது: நொடுலோசஸின் லார்வா பெர்ச் போன்ற மீன்களின் கல்லீரலில் கட்டியாகும், கிராசஸின் லார்வா ஒயிட்ஃபிஷின் தசையில் கட்டியாகி, மீனையே விற்க முடியாமல் செய்துவிடும். செங்காவின் கொக்கிகள் தலை உச்சித் தட்டைச் சுற்றி வளையமாக நிற்கும். அந்தப் பேரினம் 1934-இல் விவரிக்கப்பட்டது இயற்கை நீர்நிலையில் பிடித்த மீனிலிருந்து அல்ல, பிரான்சில் காட்சித் தொட்டியில் இருந்த சண்டை மீனிலிருந்து.

நான்கு உறிஞ்சிக் கூட்டம்தான் நன்னீர் எலும்பு மீன்களில் மிகச் செழித்தது. குளிர் நாடுகளில் புரோட்டியோசெஃபாலஸ் பேரினம் பெர்ச், ஒயிட்ஃபிஷ், விலாங்கு என்று ஆளுக்கொரு சிற்றினமாகப் பிரிந்திருக்கிறது. ஆனால் உண்மையான வளம் தென் அமெரிக்காவின் பெரிய கெளுத்திகளில். அமேசான் படுகையின் செவ்வால் கெளுத்தி போன்ற மீன்களின் ஒரே குடலில் பல சிற்றினங்கள், பல பேரினங்கள்கூட, ஒன்றாக வாழ்கின்றன. முன்பகுதியில் ஒன்று, நடுவில் ஒன்று எனக் குடலையே பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. ஆசியாவில் ஆற்றுவாளையில் வாழும் கங்கேசியா பெங்காலென்சிஸில் நான்கு உறிஞ்சிகளோடு உச்சியில் கொக்கி வளையமும் உண்டு. நைல் நதியின் மின்கெளுத்தியில் மட்டுமே வாழும் கொரல்லோபோத்ரியம் சாலிடத்தின் தலையைத் தோல் மடிப்புகள் காலர் போலச் சூழ்ந்திருக்கும்.

இந்தக் கூட்டத்தில் லார்வா நிலையிலும் சேதம் நடக்கும். வட அமெரிக்காவின் பாஸ் மீன்களில் புரோட்டியோசெஃபாலஸ் ஆம்ப்ளோபிளைட்டிஸின் லார்வாக்கள் குடலை விட்டு வெளியேறி, கல்லீரல், சூலகம் வழியாக அலைந்து, முட்டையிடும் திறனையே குலைக்கின்றன.

சிறிய வரிசைகளைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். ஸ்பேத்தியோபோத்ரிடியாவைச் சேர்ந்த சையத்தோசெஃபாலஸ் ட்ரங்கேட்டஸ் ட்ரவுட்டின் குடல்வாய்க் குழல்களில் இருக்கும். தலை புனல் போல ஒரே குழி. காமரஸ் போன்ற ஆம்ஃபிபாடுகள் என்ற சிறு ஓட்டுடலிகள் வழியாக வருவது. நிப்போட்டீனிடியா சில மில்லிமீட்டர் நீளம், உச்சியில் ஒரே ஓர் உறிஞ்சி. கிழக்கு ஆசியாவிலும் நியூசிலாந்திலும் கோபி போன்ற சிறு மீன்களில் வாழ்வது, அமூர் ஸ்லீப்பர் மீனோடு ஐரோப்பாவுக்கும் போய்விட்டது. ஹேப்லோபோத்ரிடியாவுக்கு வட அமெரிக்காவின் போஃபின் மீன் ஒன்றே வீடு. அதன் முதல் உடலில் நான்கு உணர்நீட்சிகள், பின்பு உடல் உடைந்து துண்டுகள் ஒவ்வொன்றும் புதுத் தலையோடு தனிப் புழுவாகும் விசித்திரம். ஆம்ஃபிலினிடியாவில் உலகிலேயே 8 சிற்றினங்கள்தான். ஸ்டர்ஜன் மீனின் வயிற்றறையில் இலை போலத் தட்டையாக, தலையோ துண்டமோ இல்லாமல் கிடக்கும் ஆம்ஃபிலினா ஃபோலியேசியா அதில் பிரபலம். வயிற்றறையில் இருந்தாலும் இது லார்வா அல்ல, முதிர்ந்த புழு. மேலே சொன்ன விதிக்கு இதுதான் விதிவிலக்கு. எலும்பு மீன் கணக்கில் சேராத ஒன்றும் உண்டு: தென் அமெரிக்க ஆறுகளின் நன்னீர்த் திருக்கைகள் கடலிலிருந்து வந்தவை, கடல் திருக்கைகளின் நாடாப்புழுக் குடும்பங்களையும் கூடவே கொண்டு வந்துவிட்டன.

இனி வயிற்றறைப் புழுவுக்கும், மீனை இடைவழியாக மட்டும் பயன்படுத்தும் அந்த இரண்டு வரிசைகளுக்கும் வருவோம். கேள்வியில் சொன்ன தடித்த புழு கெண்டைக் குடும்ப மீனில் இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது லிகுலா. தந்தத்தின் நிறம், இறுகிய சதை, 20, 30 சென்டிமீட்டர்கூட வளரும்; சிறிய மீனின் வயிறு பிதுங்கி நிற்கும். நடுவே நீளவாக்கில் ஒரு கோடு ஓடும், துண்ட எல்லைகள் தெளிவாக இருக்காது. தலை என்று தனியாக ஒன்றைத் தேடினால் கிடைக்காது, முனையில் மெல்லிய பள்ளங்கள் மட்டும். புதிதாக அறுத்த மீனில் இது கழுவிய நூடுல்ஸ் கட்டு போல உறுப்புகளைச் சுற்றிக் கிடப்பதால் கொழுப்பு என்றோ குடல் என்றோ நினைத்துவிடுகிறார்கள். உப்புக் கரைசலில் போட்டால் மெதுவாகச் சுருங்கி விரியும், சந்தேகம் தீர்ந்துவிடும்.

லிகுலா மீனைக் கொல்வதைவிட மலடாக்குகிறது. மூளையடி பிட்யூட்டரி சுரப்பியின் இனப்பெருக்கத் தூண்டல் அடங்கி, இனப்பெருக்க உறுப்புகள் வளராமல் நின்றுவிடுகின்றன. பிறகு முக்குளிப்பான் போன்ற பறவை அந்த மீனை விழுங்கினால், புழு பறவைக் குடலில் சில நாட்கள் மட்டுமே வாழ்ந்து முட்டைகளைக் கொட்டிவிட்டுச் சாகிறது. வளர்ச்சி எல்லாம் மீனிலேயே முடிந்துவிட்டதால் பறவையில் வேலை குறைவு. ஸ்டிக்கிள்பேக் மீனில் வாழும் ஷிஸ்டோசெஃபாலஸ் சாலிடஸும் இதே பாணி. சில மீன்களில் புழுக்களின் மொத்த எடை மீனின் சொந்த எடையை நெருங்கிவிடும். அந்த லார்வாவை எடுத்துப் பறவை உடலின் வெப்பமான 40 டிகிரியில் வளர்த்தால், ஆய்வகக் குழாயிலேயே இரண்டு நாட்களில் முதிர்ந்து முட்டையிடும். இதை 1946-இல் ஸ்மித் செய்து காட்டினார். மீண்டும் லிகுலாவுக்கு வந்தால், அந்த ஒரே பெயருக்குள் உலகெங்கும் பல தனி மரபுக் கிளைகள் இருப்பதாக மரபணு ஆய்வுகள் காட்டுவதில் ஆச்சரியமில்லை. பறவை அதைக் கண்டம் கடத்தினாலும், லார்வா எந்த மீனில் பிழைக்கிறது என்பதில் கிளைகள் பிரிந்துவிட்டன.

கொக்கு, நாரை, நீர்க்காகம் ஆகியவற்றின் புழுக்கள் இன்னொரு கூட்டம்: கிரிப்போரிங்கிடுகள். மீனின் பித்தப்பை, கல்லீரல், குடல் சுவர், இடைமடிப்புகளில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெள்ளைப் புள்ளிகளாக இருக்கும். பெரும்பாலோர் கழுவிக் கொட்டிவிடுகிறார்கள். கண்ணாடித்தகட்டில் வைத்து மேலே மூடித்தகடு போட்டு லேசாக அழுத்தி நுண்ணோக்கியில் பார்த்தால் நான்கு உறிஞ்சிகளும் இரண்டு வரிசைக் கொக்கிகளும் தெரியும். கொக்கியின் எண்ணிக்கை, நீளம், வடிவம் இந்த மூன்றுதான் அடையாளம். பித்தப்பையில் கிடைத்தால் வாலிபோராவையும் கல்லீரலில் கிடைத்தால் பேராடிலெப்பிஸையும் முதலில் நினைக்கலாம்.

மனிதருக்கு ஆபத்தா என்று உடனே கேட்பார்கள். மேலே சொன்ன முதிர்ந்த குடல் புழுக்களைப் பற்றி மனிதர் கவலைப்பட வேண்டியதில்லை. குடலை நீக்கும்போது அவையும் போய்விடும். உண்மையான ஆபத்து டைபோத்ரியோசெஃபாலஸ் லாட்டஸின் லார்வா. குளிர்ப் பகுதி ஏரிகளின் பைக், பெர்ச், பர்போட் ஆகியவற்றின் தசையிலும் உறுப்புகளிலும் சிறிய வெண்ணிற லார்வாவாகச் சுருண்டிருக்கும். பச்சையாகவோ அரைகுறையாக உப்பிட்டோ தின்றால் மனிதக் குடலில் பல மீட்டர் நீளம் வளரும், சிலரிடம் வைட்டமின் பி12 குறைபாட்டையும் கொண்டுவரும். உள்வெப்பம் 63 டிகிரி வரும்வரை சமைத்தால் லார்வா செத்துவிடும். பச்சையாகத் தின்ன வேண்டும் என்றால் மைனஸ் 20 டிகிரியில் 7 நாள், அல்லது மைனஸ் 35-இல் கெட்டியாக உறையவைத்து 15 மணி நேரம். சாதாரண வீட்டு உறைபெட்டி பல சமயம் மைனஸ் 20-ஐத் தொடுவதில்லை, அதை நம்ப வேண்டாம்.

தொட்டி, பண்ணைகளில் குடல் நாடாப்புழுவுக்குப் பயன்படுவது பிராசிகுவாண்டல். குளியலாக லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் வரை, 1 முதல் 3 மணி நேரம். தனித் தொட்டியில், நல்ல காற்றோட்டத்தோடு, மீன் தத்தளிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே. மருந்து நீரில் எளிதில் கரையாது, கட்டியாக அடியில் தங்கிவிட்டால் அளவே பொய்யாகிவிடும். முதலில் சிறிதளவு எத்தனாலிலோ, மிக நன்றாகக் குலுக்கிய வெதுவெதுப்பான நீரிலோ கலந்து பிறகு ஊற்ற வேண்டும். உண்ணும் மீன் என்றால் அந்தந்த நாட்டில் மருந்துக்கு அனுமதி உண்டா, மருந்துக்குப் பின் எவ்வளவு நாள் அந்த மீனை உண்ணாமல் விலக்கி வைக்க வேண்டும் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். குளியலுக்குப் பின் அந்த நீரை நேரே குளத்தில் விடக்கூடாது: உதிர்ந்த புழுக்களில் முட்டை நிறைந்திருக்கும், மருந்து முட்டையைக் கொல்வதில்லை. மருந்து கொடுத்த மீன்களைக் கோப்பிபாடுகள் நிறைந்த அதே குளத்தில் திரும்ப விட்டால் ஒரே மாதத்தில் பழைய நிலை. வயிற்றறையில் இருக்கும் லிகுலாவுக்கு இந்தக் குளியலால் பயன் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது இனம் காண்பதற்கு வருவோம். பெரும்பாலான தவறுகள் நுண்ணோக்கியில் நடப்பதில்லை, அதற்கு முன்பே, புழுவைப் பதப்படுத்தும்போது நடந்துவிடுகின்றன. பனிக்கட்டியில் ஒரு நாள் கிடந்த மீனில் புழு ஏற்கெனவே செத்து ஊறிப்போயிருக்கும். கொக்கிகள் உதிரும், உறிஞ்சியின் விளிம்பு கலைந்துவிடும். மீனைக் கொன்ற சில மணி நேரத்துக்குள் அறுத்துவிட வேண்டும். குடலைத் தனியே எடுத்து 0.65 முதல் 0.7 சதவீத உப்புக் கரைசலில் போட்டு, நுனிமழுங்கிய கத்தரியால் நீளவாக்கில் பிளக்கவும். முன், நடு, பின் பகுதிகளைத் தனித்தனித் தட்டுகளில் வைப்பது நல்லது, புழு இருந்த இடமே ஓர் அடையாளம். சுவரில் ஒட்டியிருப்பதை இழுக்காமல் ஊசியால் தலையை நெருக்கிவிட்டால் தானே கழன்றுவிடும்.

அடுத்தது சூடான ஃபார்மலின். புழுவைக் கரைசலில் கழுவி, மிகக் குறைந்த நீரோடு குடுவையில் விட்டு, கிட்டத்தட்டக் கொதிக்கும் 4 சதவீத ஃபார்மலினை மேலே சட்டென ஊற்றவும். ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், காற்றோட்ட அலமாரி கட்டாயம். சூட்டில் புழு நிமிர்ந்த நிலையிலேயே செத்துவிடும். குளிர்ந்த ஃபார்மலினிலோ நேரே எத்தனாலிலோ போட்டால் சுருண்டு, தடித்து, தலை உள்ளிழுக்கப்பட்டுவிடும். அளவுகள் எல்லாம் பொய். கண்ணாடித் தகடுகளுக்கு இடையே நசுக்கிப் பதப்படுத்துவது இன்னும் மோசம்: துண்டங்கள் அகலமாகும், உறுப்புகள் இடம்மாறும், தலை அடையாளம் தெரியாமல் போகும். நசுக்கிய புழுவில் அளந்த அகலத்தை வைத்தே "புதிய சிற்றினம்" என்று அறிவித்த கட்டுரைகள் ஏராளம்.

சூடேற்றும் முன் மரபணுவுக்கு ஒரு துண்டை வெட்டி 96 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனாலில் போட வேண்டும், ஃபார்மலினில் போனால் டி.என்.ஏ. பாழாகும். துண்டமுள்ள புழுவில் கடைசிச் சில துண்டங்களை வெட்டலாம். துண்டமற்ற காரியோஃபில்லிட்டில் பின்முனையை வெட்டக்கூடாது, சூலகம் அங்கேதான்; உடலின் நடுவில் ஓரமாகச் சிறிய துண்டு போதும். ஒரே புழுவிலிருந்து உருவமும் மரபணுவும் கிடைத்தால்தான் பிற்காலத்தில் எவரும் சரிபார்க்க முடியும்.

இரண்டு வாரம் கழித்து 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றி, கார்மைன் சாயமிடலாம். அதிகமாகச் சாயமிட்டு, 70 சதவீத எத்தனாலில் சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்து மெதுவாக வெளுக்க வைப்பதே பாதுகாப்பான வழி. உறுப்புகள் சிவப்பாக நிற்க, சுற்றியுள்ள தசை வெளிறியதும் நிறுத்த வேண்டும். பிறகு 80, 90, 96, 100 என்று எத்தனால் ஏற்றம், கிராம்பு எண்ணெயில் தெளிவு, கனடா பால்சத்தில் பொதிவு. எண்ணெயில் போட்டதும் பால் போலக் கலங்கினால் நீர் இன்னும் வெளியேறவில்லை. 100 சதவீத எத்தனாலுக்குத் திரும்பப் போக வேண்டும்.

முழுப் புழுவைப் பார்த்தால் மட்டும் எல்லாம் முடிவதில்லை. முட்டைக்கு மஞ்சள்கரு தரும் நுண்ணறைகள் நீளத் தசைகளுக்கு வெளியே இருக்கின்றனவா, உள்ளேயா என்பதை வைத்துத்தான் காரியோஃபில்லிடியாவின் குடும்பங்கள் மரபாகப் பிரிக்கப்பட்டன: வெளியே என்றால் லைட்டோசெஸ்டிடே, உள்ளே என்றால் காரியோஃபில்லியிடே. கெளுத்திகளின் நான்கு உறிஞ்சிப் புழுக்களிலும் இதே கேள்வி வரும். இது தெரிய 10 முதல் 15 மைக்ரோமீட்டர் தடிப்பில் குறுக்குவெட்டு எடுத்துச் சாயமிட வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டுப் பேரினம் சொல்கிறவர் ஊகிக்கிறார்.

இந்த இடத்தில் பெயர்களின் பெருக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கிளாரியஸ் பட்ராக்கஸ் கெளுத்தியிலிருந்து காரியோஃபில்லிடியாவில் 59 பெயர்கள், 15 பேரினங்களில் வெளியாகியிருந்தன. மாதிரிகளைத் தேடிப் பார்த்து 2011-இல் மறுஆய்வு செய்தபோது நின்றவை 8 சிற்றினங்கள் மட்டுமே. கங்கேசியாவிலும் செங்காவிலும் இதேபோலப் பெயர்கள் சரிந்தன. காரணங்கள் எப்போதும் அதேதான்: ஒன்றிரண்டு புழுவை வைத்து விவரிப்பது, மோசமாகப் பதப்படுத்திய மாதிரி, சுருக்கத்தையும் வளர்ச்சி நிலையையும் சிற்றின வேறுபாடாக எண்ணுவது, மாதிரியை எந்த அருங்காட்சியகத்திலும் வைக்காதது. மறுபுறம், ஒரே பெயருக்குள் பல சிற்றினங்கள் ஒளிந்திருப்பதையும் மரபணு காட்டுகிறது. ஆக, பட்டியலின் நீளத்தை வைத்து ஒரு பகுதியின் புழு வளத்தை அளக்கவே கூடாது. மீன் வளம் அதிகமாகவும் ஆய்வு குறைவாகவும் உள்ள வெப்பமண்டல ஆறுகளில்தான் விவரிக்கப்படாதவை மிச்சம் இருக்கின்றன என்பது என் கணிப்பு.

கடைசியாக, எத்தனை மீன் பார்த்தால் "இந்த நீர்நிலையில் இந்தப் புழு இல்லை" என்று சொல்லலாம்? பத்தில் ஒரு மீனில் புழு இருக்கும் நிலையில், 30 மீன் பார்த்தும் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போக வாய்ப்பு சுமார் 4 சதவீதம். இருபதில் ஒன்றில்தான் இருக்கிறது என்றால் அதே நம்பிக்கைக்கு 60 மீன் வேண்டும். அதுவும் ஒரே அளவு மீன்களையே பார்த்தால் ஏமாறுவோம்: குஞ்சுகள் கோப்பிபாடைத் தின்னும், பெரியவை வேறு இரைக்கு மாறிவிடும், புழுவும் மாறிவிடும். குளிர்ப் பகுதிகளில் பல புரோட்டியோசெஃபாலஸ் சிற்றினங்கள் ஆண்டுக்கொரு சுற்று என்பதால், தவறான பருவத்தில் பார்த்தால் முதிர்ந்த புழுவே கிடைக்காது. ஒவ்வொரு குடுவையிலும் பென்சிலால் எழுதிய சீட்டு உள்ளேயே இருக்கட்டும், மை எத்தனாலில் கரைந்துவிடும்: மீனின் சிற்றினம், நீளம், பிடித்த இடம், தேதி, புழு இருந்த உறுப்பு, பார்த்த மீன்களில் எத்தனையில் புழு இருந்தது, மொத்தம் எத்தனை புழு. புழு இல்லாத மீன்களையும் பதிவேட்டில் எழுத வேண்டும். பரவல் விகிதக் கணக்குக்கு அந்த எண் இல்லாமல் முடியாது.